என்ர வாயாய் இருந்தவன்

இரும் பிள்ளை, இப்பிடிக் கிட்ட வந்து இரும். டொக்டர் வர இன்னும் நேரம் கிடக்கு. நீர்தானே எனக்கு மொழிபெயர்க்க வந்த பிள்ளை? கழுத்தில பேர் மட்டை தொங்குது, முகமும் எங்கட முகம். வேற ஆரா இருக்கப்போகுது.

உள்ளுக்கை போக முதல் நோயாளியோட கதைக்கக்கூடாது, அப்பிடித்தானே? ஓமெண்டு தலையாட்டுறீர். எனக்குத் தெரியும். உமக்கு முதல் இருந்தவரும் இதைத்தான் சொன்னவர். சரி, நீர் கதைக்கவேண்டாம். நான் கதைக்கிறன். கேக்கிறதுக்குத் தடையில்லைத்தானே.

எந்த ஊர் நீர்? சொல்லமாட்டீர். தாய் தேப்பன் எவடம்? அதுவும் சொல்லமாட்டீர். பரவாயில்லை. நான் புதினம் பிடுங்கக் கேக்கேல்ல. எங்கட சனத்தில ஒராளைப் பக்கத்தில இருத்தி வைச்சு மனசில உள்ளதைக் கொட்டுறதெண்டால், அவர் ஆற்றை ஆள், ஆருக்கு மச்சான், எந்தக் கோயில்ல நிக்கிறவர் எண்டு முதல் விசாரிக்கவேணும். நான் விசாரியாமல் வாயைத் திறந்து மாட்டுப்பட்டனான். அதுதான் இப்ப உம்மை வேற நகரத்தில இருந்து கூப்பிட்டிருக்கினம். இஞ்ச இருந்த ஆளை நான் இல்லாமல் பண்ணிப்போட்டன்.

ஐயோ, பயப்பிடாதேயும். கொல்லேல்ல. வேலையில இருந்துதான் இல்லாமல் பண்ணினது. ஆனா சும்மா சொல்லக்கூடாது, கொன்றிருந்தாலும் இந்தளவு திருப்தி வந்திருக்காது.

சபாநடேசன் எண்டு பேர். எண்பத்தஞ்சில சுவிசுக்கு வந்தவர். ஊர் சுன்னாகம் பக்கம். குண்டு, செல்லடி எண்டால் அவருக்கு ரெலிபோன்ல கேட்ட சங்கதி. எப்ப பாத்தாலும் தோய்ச்சு மினுக்கின வெள்ளைச் சேட்டு, தங்கக் கரை வைச்ச கண்ணாடி. எங்கட கோயிலுக்கு அவர்தான் செயலாளர். மைக் அவற்றை கையிலதான் இருக்கும். 'அடியார்கள் வாகனங்களை ஒழுங்காக நிறுத்தவும்' எண்டு சொல்லுறதைக்கூட தேவாரம் மாதிரித்தான் சொல்லுவார். டொச் மொழி தெரியாத எங்கட சனம் ஆசுபத்திரி, வழக்குக் கோடு, அரசாங்கக் கச்சேரி எண்டு எங்க போனாலும் இவர்தான் நடுவில இருப்பார்.

நான் குலவீரசிங்கம். குலம் எண்டால்தான் தெரியும். ஊர் வன்னியில தருமபுரம். கடைசிச் சண்டை முடியிற வரைக்கும் உள்ளுக்கை நிண்டனாங்கள். இடது கையில ரெண்டு விரல் இல்லை, பாத்தீர்தானே. அது கண்ணுக்குத் தெரியிறது. காதுக்குப் பின்னால, மண்டைக்குள்ள ஒரு செல்துண்டு கிடக்கு. அது தெரியாது. இஞ்ச படம் பிடிச்சுப் பாத்திட்டு, எடுக்கேலாது எண்டிட்டினம். எடுத்தால் நான் இல்லை, எடுக்காட்டில் நித்திரை இல்லை. குளிர்காலத்தில அது, 'நான் உள்ளுக்கை இருக்கிறன்' எண்டு சொல்லிக்கொண்டிருக்கும்.

இந்தத் தலை டொக்டரிட்ட நான் விரும்பி வந்த ஆளில்லை. றெஸ்ரோறன்ற் குசினியில வேலை. ஒருநாள் ஆரோ பெரிய அண்டா மூடியைக் கீழ போட்டுட்டான். நான் கோப்பை கழுவுற மேசைக்குக் கீழ பூந்திட்டன். தனியப் போயிருந்தால் ஒரு பிரச்சினையும் வந்திராது. பக்கத்தில நிண்ட சமையல்காரனையும் காலைப் பிடிச்சு இழுத்துக்கொண்டு போனன். அவன்ர நாடி எலும்பு உடைஞ்சு போச்சு. நான் நல்லதுக்குத்தான் செய்தன் எண்டு அவன் விளங்கிக்கொள்ளேல்ல. முதலாளி, டொக்டரிட்டப் போனால்தான் வேலை எண்டிட்டான்.

அப்பிடித்தான் இந்தக் கதவுக்கு அங்கால போனனான். டொக்டர் மனிசி ஒரு கதிரையில, நான் ஒரு கதிரையில, நடுவில சபாநடேசன்.

அந்த ஆள் எப்பிடி மொழிபெயர்க்கிறவர் தெரியுமோ? உமக்குத் தெரியும், நீரும் அப்பிடித்தான் படிச்சிருப்பீர். நான் 'என்ர கையில இருந்து ரத்தம் போகுது' எண்டால், 'அவருடைய கையில இருந்து' எண்டு சொல்லமாட்டார். 'என்ர கையில இருந்து' எண்டுதான் டொச்சில சொல்லுவார். அந்தளவு டொச் எனக்கு விளங்கும். முதல் நாள் திகைச்சுப்போனன். 'நான் கிடங்கு வெட்டினன்.' 'நான் பிணங்களுக்கு மேலால நடந்தன்.' ஆர்? சபாநடேசன்! தோய்ச்சு மினுக்கின சேட்டோட! அந்த டொக்டர் மனிசி என்னைப் பாக்காமல் அவரைப் பாத்துத் தலையாட்டுறா. நடந்தது எனக்கு, இரக்கம் போறது அவருக்கு.

கேட்டனான். 'என்ன நீங்கள் என்ர கதையை உங்கட கதையாக்கிறியள்?' எண்டு. 'அதுதான் ஒழுங்கு, குலம். இந்த அறைக்குள்ள நான் இல்லை. நான் உங்கட வாய், அவ்வளவுதான்' எண்டார். சரி, ஒழுங்கெண்டால் ஒழுங்கு. சொல்லத் தொடங்கினன். சொல்லச் சொல்ல ஒரு மாதிரி இருந்துது. நாள் முழுக்க மூட்டை சுமந்திட்டு ஒருக்கா இறக்கி வைச்ச மாதிரி. அதையும் நான் மறைக்கேல்ல.

ஒருநாள் என்ர மூத்தவன்ர பேரைச் சொன்னன். அகிலன். பங்கருக்கு வெளியில நிண்டவன் எண்டு சொன்னன். 'வா' எண்டு கூப்பிட, 'சும்மா சத்தம்தானே அப்பா' எண்டவன் எண்டும் சொன்னன். சபாநடேசன் 'என்ர மகன்' எண்டு டொச்சில தொடங்கினார். நிண்டிட்டார். கண்ணாடியைக் கழட்டினார். டொக்டர் மனிசி எழும்பிப் போய்த் தண்ணி கொண்டுவந்து குடுத்தா. எனக்கில்லை பிள்ளை, அவருக்கு! செத்தது என்ர பிள்ளை, தண்ணி குடிச்சது அவர். அண்டைக்கு எனக்கு விசர் வந்துது. மிச்சத்தைச் சொல்லேல்ல. அதுக்குப் பிறகு மிச்சத்தை ஆருக்கும் சொல்லேல்ல.

அவர் செய்த அநியாயம் அதுக்குப் பிறகுதான். கேளும்.

எனக்கு இப்ப இருக்கிறது ஒரே ஒரு பிள்ளை. சாருகா. இஞ்ச வரேக்க சின்னப்பிள்ளை, என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு வந்தவள். இப்ப பல் வைத்தியரிட்ட உதவியாளா இருக்கிறாள். அவளுக்கு ஒரு சம்பந்தம் வந்துது. பெடியன் பிரணவன், வங்கியில வேலை. தாய் லோகேஸ்வரி, நல்ல மரியாதையான மனிசி. தேப்பன் பேசாமடந்தை. பிள்ளையளுக்கும் ஆளையாள் பிடிச்சிருந்துது, ரெலிபோன்ல கதைச்சுக்கொண்டு இருந்தவை. சாதகம் பாத்தால் அப்பிடி ஒரு பொருத்தம். ஐயரே சொன்னார், இதை விட்டால் இப்பிடி ஒண்டு கிடைக்காது எண்டு.

பெம்பிளை பாக்க வாறதுக்கு நாள் பாத்தம். புதன்கிழமை திறம் எண்டு வந்துது. மாசி, அதுதான் பெப்ரவரி மாசத்து முதல் புதன். மத்தியானம் ராகுகாலம் ஒண்டரையோட முடியுது. முடிஞ்ச கையோட வீட்டுக்குள்ள கால் வைக்கிறதெண்டு பேச்சு. என்ர மனிசி சறோ பஞ்சாங்கம் பாத்தாள், நான் பாத்தன், அவையும் பாத்திச்சினம். அவை நேரத்தோட வந்து கீழ காருக்குள்ள இருந்தவை, ராகுகாலம் முடியட்டும் எண்டு. நான் யன்னலால பாத்துக்கொண்டு நிண்டனான். பட்டுச்சீலையோட அந்த மனிசி காருக்குள்ள குளிரில விறைச்சுப்போய் இருந்துது. எவ்வளவு ஒழுங்கான ஆக்கள் பாரும்.

சிரிக்கிறீர். இந்த நாட்டில பிறந்த பிள்ளை, உமக்கு உடன விளங்கியிட்டுது. மாசி முதல் புதன், மத்தியானம் ஒண்டரைக்கு நாடு முழுக்கச் சைரன் ஊதிப் பாக்கிறவை. வருசா வருசம். எங்களுக்கு அது தெரியாத விசயமில்லை. நாங்கள் பஞ்சாங்கத்தைப் பாத்தமே தவிர, சைரனை ஒருத்தரும் நினைக்கேல்ல.

அவை வாசல்ல சப்பாத்துக் கழட்டுகினம். சறோ ஆலாத்தித் தட்டோட நிக்கிறாள். சைரன் தொடங்கியிட்டுது.

பிள்ளை, நான் ஒண்டும் பிழையாச் செய்யேல்ல. இந்த நாட்டில சண்டையே இல்லை, ஆனா மாடிவீட்டுக்கெல்லாம் கீழ பங்கர் கட்டி வைச்சிருக்கினம். கொங்கிறீற் கதவு, இந்தத் தடிப்பு. வந்த புதுசில அதைப் பாத்திட்டு நிலத்தில இருந்து அழுதனான். நாங்கள் அங்க மண்ணை வெட்டி, பனங்குத்தியும் சீலையில தைச்ச மண்மூட்டையும் அடுக்கி ஒளிச்சிருந்தம். இவை அதுக்குள்ள சைக்கிளும் பழைய கட்டிலும் அடுக்கி வைச்சிருக்கினம். எனக்கு அதுக்குள்ளதான் நித்திரை வாறது. மலைக்குப் போற ஹெலிகொப்டர் வீட்டுக்கு மேலால போனால் நான் தலையணையோட கீழ போயிடுவன். சறோவுக்கும் சாருகாவுக்கும் அது பழக்கம்.

அண்டைக்கும் எல்லாரையும் கீழ கொண்டுபோனன். அவ்வளவுதான் நடந்தது. வந்த ஆக்களை மேல விட்டிட்டு நான் மட்டும் போறதே? அது மரியாதையே? லோகேஸ்வரி அக்காவை நான்தான் கையைப் பிடிச்சுப் படியால இறக்கினன். சீலை தடக்கி ஒருக்கா விழுந்தவ, தூக்கி நிப்பாட்டினன். தேப்பன் பேசாமல் வந்தார். பெடியன்தான் பங்கர் வாசல்ல நிண்டு சிரிக்கிறான். 'இது சும்மா டெஸ்ட் அங்கிள்' எண்டு சிரிக்கிறான். சும்மாவாம்! எனக்கு வந்த ஆத்திரத்துக்குச் சேட்டுக் கொலரில பிடிச்சு இழுத்தன். பொத்தான் ரெண்டு பறந்திருக்கும். உள்ளுக்கை தள்ளிக் கதவைப் பூட்டினன்.

'குனியுங்கோ, தலையைக் குனியுங்கோ, காதைப் பொத்துங்கோ' எண்டன். எல்லாரும் செய்திச்சினம். லோகேஸ்வரி அக்கா மட்டும் கத்தினவ. வாயைப் பொத்திப் பிடிச்சன், அங்க நாங்கள் பிள்ளையளுக்குச் செய்யிற மாதிரி. சைரன் நிண்டாப் போலயும் நான் உடன விடேல்ல. ஒருக்கா நிண்டால் முடிஞ்சுதெண்டு ஆர் சொன்னது? கொஞ்ச நேரம் பொறுத்து, நல்லாப் பொறுத்துத்தான் திறந்தனான். அந்த மனிசி போகேக்க ரெண்டு கையையும் கூப்பி என்னைக் கும்பிட்டுது. நன்றியாக்கும். ஒரு கீறல்கூட இல்லாமல் அத்தனை பேரையும் மேல ஏத்தி விட்டனான்.

பலகாரத்தை மட்டும் தொடாமல் போயிட்டினம். சறோ விடிய எழும்பிச் சுட்ட வடை.

பிறகு ஒரு கிழமையா ஒரு கதையும் இல்லை. பிறகு சாதகம் பொருந்தேல்லையாம் எண்டு தரகர் சொன்னார். என்ன பகிடியிது? பொருந்தின சாதகம் எப்பிடிப் பொருந்தாமல் போகும்? கிரகம் எழும்பி அங்கால போய் இருந்ததோ? தரகரைப் பிடிச்சு உலுக்கினன். அந்தாள் முழுசிப்போட்டு, 'அண்ணை, உங்களுக்குத் தலையில சுகமில்லையெண்டு கேள்விப்பட்டினமாம்' எண்டார்.

ஆ! பாத்தீரே?

நான் தலை டொக்டரிட்டப் போறது ஆருக்குத் தெரியும்? சறோவும் சாருகாவும் சொல்லுவினமே? டொக்டர் மனிசிக்குத் தமிழ் தெரியாது. மிச்சம் ஒரே ஒரு ஆள். லோகேஸ்வரி அக்காவும் அதே கோயில். சபாநடேசன் அவவோட நிண்டு கதைச்சதை நான் என்ர கண்ணால கண்டனான், அதுக்கு முந்தின நவராத்திரிக்கு. என்ன கதைச்சிருப்பினம்? சுண்டலைப் பற்றியே கதைச்சிருப்பினம்?

சாருகா அழேல்ல. அதுதான் என்னை அறுத்தது. அழுதால் ஒரு மாதிரித் தேத்தலாம். அவள் பேசாமல் வேலைக்குப் போனாள், வந்தாள், எனக்கு மருந்து எடுத்துத் தந்தாள். அந்தப் பிள்ளையின்ர வாழ்க்கையை நாசமாக்கினவனை நான் சும்மா விடுறதே? நான் அவனுக்கு ஆப்பு வைக்கிறன் எண்டு அண்டைக்கே நினைச்சிட்டன். ஒரு மகனுக்கு ஒண்டும் செய்யேலாமல் போச்சு. செல் போட்டவன்ர முகத்தை நான் கண்டனானே? பேர் தெரியுமே? போய் ஆரைப் பிடிக்கிறது? ஆனா இவன்ர முகம் தெரியும். பேர் தெரியும். வீடு தெரியும். கார் நிப்பாட்டுற இடம்கூடத் தெரியும்.

தேர்த் திருவிழா வருமட்டும் பொறுத்திருந்தன். அன்னதானம் நடக்குது. மண்டபம் நிறையச் சனம். வேற நகரத்தில இருந்தெல்லாம் வந்திருக்கினம். சபாநடேசன் மைக்கைப் பிடிச்சுக்கொண்டு உபயகாரருக்கு நன்றி சொல்லுறார். மெல்லப் போய் வாங்கினன். அவர் நான் ஏதோ நல்ல வார்த்தை சொல்லப்போறன் எண்டு நினைச்சு, சிரிச்சுக்கொண்டே தந்தவர்.

சொன்னன். 'இந்த ஆளை நம்பி ஆசுபத்திரியில வாய் திறந்த எல்லாரும் கேளுங்கோ. டொக்டருக்கு முன்னால நீங்கள் அழுததை இவர் வெளியில கொண்டுவந்து விக்கிறார். என்ர பிள்ளையின்ர கலியாணத்தைக் குழப்பினது இவர். அடுத்தது உங்கட பிள்ளை.' அவ்வளவுதான். மைக்கைத் திருப்பிக் குடுத்திட்டன்.

பிள்ளை, அந்த மண்டபம் அப்பிடியே செத்துப்போச்சு. கரண்டிச் சத்தம்கூட இல்லை. ஒவ்வொருத்தரும் தங்கட வீட்டில ஆர் ஆர் இவரோட ஆசுபத்திரிக்குப் போனது எண்டு யோசிக்கினம், முகத்தில தெரியுது. சபாநடேசன்ர மனிசி பாயாச வாளியோட நிண்டவ, அப்பிடியே கீழ வைச்சா. எனக்கு எவ்வளவு காலத்துக்குப் பிறகு நெஞ்சு குளிர்ந்துது தெரியுமோ!

அவர் மறுத்து ஒரு வார்த்தை சொல்லேல்ல. குற்றம் செய்யாதவன் எண்டால் வாய் திறப்பான்தானே? 'நான் சொல்லேல்ல' எண்டாவது சொல்லலாம்தானே? சனம் சுத்தி நிண்டு கேக்குது, 'குலத்துக்கு நீங்களோ மொழிபெயர்த்தனீங்கள்? என்னத்துக்குப் போனவர்?' எண்டு. அந்தாள் என்னை ஒருக்காப் பாத்துது. பிறகு, 'அதைப் பற்றி நான் ஒண்டும் சொல்லேலாது' எண்டுது. அவ்வளவுதான். சொல்லேலாதாம். பிடிபட்ட கள்ளன் வேற என்ன சொல்லுவான்?

பிறகு எல்லாம் தன்பாட்டில நடந்துது. செயலாளர் பதவி போச்சு. சனம் இவர் வேண்டாம் எண்டு சொல்லச் சொல்ல, ஆசுபத்திரியும் கூப்பிடுறதை விட்டுட்டுது. எங்கட ஆக்கள் இப்ப ஒருத்தரும் இந்த டொக்டரிட்ட வாறேல்ல. பரமேஸ்வரி எண்டு ஒரு மனிசி, காணாமல் போன புருசனை நினைச்சுச் சாப்பிடாமல் கிடந்தது, கிழமைக்குக் கிழமை வந்துகொண்டிருந்தது, அதுவும் நிண்டிட்டுது. இப்ப கதவைப் பூட்டிப்போட்டு உள்ளுக்கை கிடக்குதாம். பாவம்தான். ஆனா சபாநடேசன் கேக்கிறதை விட அது நல்லம்.

சனிக்கிழமையில தமிழ்க்கடைக்குப் போவன். அந்தாள் மரக்கறி பொறுக்கிக்கொண்டு நிக்கும், ஒருத்தரும் கிட்டப் போகாயினம். நான் வேணுமெண்டு பக்கத்தில போய் நிண்டு கத்தரிக்காய் தெரிவன். அந்தாள் மெலிஞ்சு போச்சு. சேட்டு மினுக்கிறதில்லை. கண் ரெண்டும் குழி. 'நித்திரை இல்லையோ?' எண்டு ஒருநாள் கேட்டன். 'குறைவுதான், குலம்' எண்டு சொல்லிச்சுது. நான் வீடு வரைக்கும் சந்தோசமா நடந்து வந்தனான்.

இவ்வளவோட நிண்டிருந்தால் நான் இண்டைக்கு இஞ்ச வந்திருக்கமாட்டன். இந்த மாசி வந்துது. போன கிழமை.

சைரனுக்குக் கொஞ்சம் முதல் வீட்டு மணி அடிக்குது. சறோ வேலைக்குப் போயிட்டாள். திறந்தால் சபாநடேசன்! 'குலம், இண்டைக்குச் சைரன் ஊதுற நாள். தெரியும்தானே? நீங்கள் தனிய இருப்பியள், கொஞ்ச நேரம் பக்கத்தில இருந்திட்டுப் போவம் எண்டு வந்தனான்' எண்டுது. பாரும் துணிவை! மன்னிப்புக் கேக்கத்தான் வந்திருக்குது, நேர கேக்க வெக்கம், அதுக்கு உந்தச் சாட்டு. நான் கோபிக்கேல்ல. சிரிச்சன். 'வாங்கோ, கீழ போவம்' எண்டன்.

'நீங்கள் முதல் போங்கோ' எண்டன். அந்தாளும் போச்சுது. கதவைச் சாத்தி, பிடியை இறுக்கி, என்ர முழு உடம்பையும் குடுத்துக்கொண்டு நிண்டன். லைற் சுவிச்சும் வெளியாலதான், அணைச்சுவிட்டன்.

சைரன் தொடங்கிச்சுது. தலைக்கு மேல நாடு முழுக்கக் கத்துது. நான் எங்க நிண்டன் தெரியுமோ? வெளியில. பங்கருக்கு வெளியில! எனக்கு அது பிறகுதான் நினைவுக்கு வந்துது. கையில ஒரு விரல்கூட நடுங்கேல்ல. மண்டைத்துண்டு மூச்சுக்காட்டேல்ல. அந்தக் கதவுக்கு அங்கால அவன் என்ன பாடுபடுறான் எண்டு கேக்கிறதிலதான் என்ர முழுக் காதும் இருந்துது. 'சொல்லு! நான்தான் சொன்னனான் எண்டு சொல்லு!' எண்டு கத்தினன். தட்டுவான், கெஞ்சுவான் எண்டு பாத்தன். ஒரு சத்தமில்லை. சைரன் நிண்டிட்டுது. அப்பவும் ஒரு சத்தமில்லை. பழி வாங்கிறவனுக்கு அது எவ்வளவு ஆத்திரம் தெரியுமோ?

எவ்வளவு நேரம் நிண்டனோ தெரியாது. சாருகா ஓடிவந்தாள், வேலை உடுப்போடயே, ரெலிபோனை ஒருத்தரும் எடுக்கேல்லையாம். என்னைத் தள்ளிப்போட்டுத் திறந்தாள். என்ர பிள்ளை என்னைத் தள்ளினது அதுதான் முதல் தரம்.

சபாநடேசன் மூலையில குந்தியிருக்குது. முழங்காலுக்குள்ள தலை. காதை ரெண்டு கையாலயும் பொத்தியிருக்குது. சேட்டு வேர்வையில தோய்ஞ்சுபோச்சு. கிடுகிடெண்டு நடுங்குது. டொக்டருக்கு முன்னால, நாங்கள் எப்பிடி இருந்தனாங்கள் எண்டு நான் செய்து காட்டின அதே இருப்பு, பிள்ளை! சாருகா கிட்டப் போய், 'அங்கிள், முடிஞ்சுது, ஒண்டுமில்லை' எண்டு கையைப் பிடிச்சாள். எனக்குச் சொல்லுற அதே சொல்லு. செல்லே காணாதவன் நடுங்கிறான்! என்ர கதையை எடுத்தான், என்ர தண்ணியைக் குடிச்சான், கடைசியில என்ர நடுக்கத்தையும் களவெடுத்திட்டான்.

அந்தாள் எழும்பிச் சுவரைப் பிடிச்சுப் பிடிச்சுப் போச்சுது. பொலிசுக்குப் போகேல்ல. போயிருந்தால் எனக்குச் சந்தோசம், போகேல்ல.

பிறகு சாருகா அந்தப் படியில இருந்து சொன்னாள். 'சபாநடேசன் அங்கிளை வரச்சொன்னது நான், அப்பா. எனக்கு லீவு கிடைக்கேல்ல. அவருக்குத்தான் உங்களைத் தெரியும் எண்டு கேட்டனான்.' பிறகு சொன்னாள், 'கலியாணத்தை வேண்டாமெண்டது அவை இல்லை. நான்தான்.'

என்னவாம் எண்டால், அவை கலியாணத்துக்குச் சம்மதமாம். ஆனா நான் மணவறைக்குக் கிட்ட வரக்கூடாதாம். அண்டைக்குப் பங்கரில நடந்தது போதுமாம். தாரை வாக்கிறதுக்கு வேற ஆரையும் நிப்பாட்டச் சொல்லிச்சினமாம். 'என்னைத் தூக்கிக்கொண்டு கடல் ஏரியைக் கடந்தது என்ர அப்பா. என்னைத் தாரை வாக்கிறதும் அவர்தான்' எண்டு இவள் சொல்லிப்போட்டாளாம். அதோட முடிஞ்சுதாம். சாதகம் பொருந்தேல்லை எண்டு தரகரிட்டச் சொல்லச் சொன்னதும் இவளாம்.

நீர் ஏன் கண்ணைத் துடைக்கிறீர்? உதை நம்பிப்போட்டீரே? பிள்ளை, அவள் சபாநடேசனைக் காப்பாத்தச் சொல்லுற பொய் அது. சரி, பொய் இல்லையெண்டே வைப்பம். நான் மணவறைக்கு வரக்கூடாதெண்டு அவை ஏன் சொல்லவேணும்? நான் அவைக்கு என்ன செய்தனான்? உயிரைக் காப்பாத்தி விட்டனான். அப்ப ஆரோ ஒராள் போய் அவையின்ர மனசைக் கெடுத்திருக்கவேணும்தானே? ஆர் அது? நீரே சொல்லும்.

பேசாமல் இருக்கிறீர். நல்லாப் படிப்பிச்சு விட்டிருக்கினம்.

கடைசியா என்ன சொன்னாள் எண்டால், 'டொக்டரிட்டப் போய் அண்ணாவின்ர கதையை முழுக்கச் சொல்லுங்கோ. சொல்லாட்டில் நான் வேற இடத்தில வேலை எடுத்துக்கொண்டு போறன். நீங்கள் பூட்டுற கதவுக்குள்ள இனி என்னால இருக்கேலாது' எண்டாள். சொன்னால் செய்யிற பிள்ளை. பெட்டி அடுக்கியிட்டாள். விறாந்தையில வைச்சிருக்கிறாள், நான் போக வரப் பாக்கட்டும் எண்டு. இப்பவும் கீழ காருக்குள்ளதான் இருக்கிறாள். நான் உள்ளுக்கை போய்ச் சொன்னால் பெட்டியை அவிழ்ப்பாள். சொல்லாட்டில் இண்டைக்கே போயிடுவாள். ஒரு பிள்ளை போச்சு. இவளும் போனால் எனக்கு ஆர்?

அந்தா, டொக்டர் மனிசி வாறா. பொறும், எழும்பாதேயும். உள்ளுக்கை போய் நீர் ஒரே ஒரு விசயத்தைத்தான் டொக்டருக்குச் சொல்லவேணும். சபாநடேசனைத் திருப்பிக் கூப்பிடச் சொல்லும்.

ஏன் அப்பிடிப் பாக்கிறீர்? இரக்கப்பட்டுச் சொல்லேல்ல. அவனுக்குப் பாதிதான் தெரியும். அந்தப் பாதிக்கே அவன்ர நித்திரை போச்சு. மிச்சத்தையும் கேக்கட்டும். அகிலன்ர கையை நான் என்னத்துக்குள்ள சுத்திக்கொண்டு வந்தனான், எங்க மண்ணுக்குள்ள தாட்டனான், அவனில எவ்வளவு எங்களோட வந்தது, எவ்வளவு அங்க கிடந்தது, எல்லாத்தையும் அவன் தன்ர வாயால 'என்ர மகன், என்ர மகன்' எண்டு சொல்லிச் சொல்லி அழவேணும். டொக்டர் தண்ணி குடுக்கட்டும். எனக்கு வேண்டாம். அவன் குடிக்கட்டும். அதுதான் அவனுக்கு நான் வைச்சிருக்கிற தண்டனை.

இல்லை, நீர் வேண்டாம். நீர் நல்ல பிள்ளைதான், நல்லாச் செய்வீர். ஆனா உமக்கு என்ர சாருகாவின்ர வயசு. அந்தக் கதையை 'நான், நான்' எண்டு சொன்னால், நீர் பிறகு வீட்ட போய் என்னெண்டு படுப்பீர்? அதை உம்மட வாயில நான் வைக்கமாட்டன்.

அவனைக் கூப்பிடச் சொல்லும். வருமட்டும் நான் இதில இருக்கிறன்.